பெர்மிட் எழுதுபவரின் யுத்தங்கள்

உலகத்தில் எந்த மூலையில் சண்டை மூண்டாலும் அதை விளக்க அவரிடம் ஒரு லாரி இருந்தது. ஈரானும் ஈராக்கும் எட்டு வருஷம் அடித்துக்கொண்டு கிடந்தபோது, "ஒத்தைப் பாலத்துல ரெண்டு லாரி எதிரெதிரா வந்து நின்னுக்கிச்சு தங்கச்சி. எவன் ரிவர்ஸ் எடுக்கறதுன்னுதான் சண்டை. பின்னாடி நிக்கறவனுங்க ஆரன் அடிச்சு ஏத்தி உட்டுக்கினு இருக்கானுங்க" என்றார். நேட்டோ நேட்டோ என்கிறார்களே, அது என்ன கூட்டணி என்று தண்ணீர்க் குழாயடியில் யாரோ கேட்டதற்கு, "லாரி ஓனருங்க சங்கம். ஒரு வண்டிக் கண்ணாடி மேல கல்லு உழுந்தா அத்தினி வண்டியும் நிக்கணும். அதான் பேச்சு" என்றார். குடத்தைத் தூக்கிக்கொண்டு நாலடி போனவர் திரும்பி வந்து, "நிக்க மாட்டானுங்க. டீ ஆர்ற வரைக்கும்தான் சங்கம்" என்று அவரே திருத்திக்கொண்டார்.

ஓசூரைத் தாண்டி, கர்நாடக எல்லைக்கு முன்னால் செக்போஸ்டில், ஒரு தகரக் கொட்டகையின் கீழே மேஜை போட்டு லாரிக்காரர்களுக்குப் பெர்மிட்டும் வரி ஃபாரமும் எழுதிக் கொடுப்பது அவர் தொழில். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடையாளம் கண்டுபிடிக்க அந்தப் பக்கம் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் லைன் வீட்டில் ஆறு வீடுகள், ஒரு குழாய். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் சம்சாரம் வேப்பனப்பள்ளிப் பக்கத்துத் தெலுங்குக்காரி. "ஏமண்டி, சோறு ஆறிப்போச்சு, குண்டு போடறவன் உங்களைக் கேட்டுட்டா போடறான்?" என்று அந்த அம்மாள் கத்துவது சுவர் வழியாகத் தினமும் எனக்குக் கேட்கும்.

மனுஷன் வீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. தட்டைக் கையில் ஏந்தி, ரோட்டைப் பார்த்து வாசலில் நின்றபடிதான் சாப்பிடுவார். காதில் பேனா செருகியிருக்கும், சாப்பிடும்போதும். நின்றால் ஒரு கால் ஆடும். லாரிக்காரர்கள் விட்டுப்போகிற பேப்பர் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவருவார். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் படிப்பார். மலையாளப் பேப்பரில் படத்தைப் பார்த்துவிட்டு அதற்கும் ஒரு அபிப்பிராயம் சொல்வார். எந்த அபிப்பிராயத்தையும் சும்மா சொல்லவும் மாட்டார், பெர்மிட் தாளின் பின்பக்கம் படம் போட்டுத்தான் சொல்வார். கார்பன் வைத்தே எழுதிப் பழகிய கை அல்லவா, தேசப் படமும் மூன்று பிரதியாகத்தான் வரும். ஒன்று கேட்டவருக்கு, ஒன்று எதிரே நிற்கிற டிரைவருக்கு, ஒன்று அவர் மேஜை டிராயருக்கு. ஆப்கானிஸ்தானில் ரஷ்யாக்காரன் எந்த மலையில் மாட்டிக்கொண்டான் என்கிற படத்தை வைத்துக்கொண்டு என்னென்ன டிரைவர்கள் எந்தெந்த ஊருக்குப் போனார்களோ!

பெர்லின் சுவரை இடித்தார்கள் என்று செய்தி வந்த அன்று மொத்த லைனும் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தது. இவர் மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். என்னங்கண்ணா என்றேன். "கேட்டைத் தூக்கிட்டானுங்களே தங்கச்சி. அங்க பெர்மிட் எழுதிக்கினு இருந்தவனெல்லாம் நாளைக்கு இன்னா பண்ணுவான்?" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு நாள் அந்த ஜெர்மன் பெர்மிட்காரர்களுக்காக நிஜமாகவே கவலைப்பட்டார்.

தக்காளிக் கூடைகளுக்கு அடியில் சாராய ஸ்பிரிட் கேன்களை அடுக்கிக் கடத்திக்கொண்டு வந்த ஒரு லாரி ஒருமுறை பிடிபட்டது. எல்லோரும் ஓடிப்போய் வேடிக்கை பார்த்தோம். டிரைவரைத் தலைக்குத் தலை திட்டினார்கள். இவர் நடுவில் புகுந்து, "கடத்தறவன் தப்புக்காரன்தான், நான் இல்லேங்கல. ஆனா கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வெலை, இந்தப் பக்கம் ஒரு வெலைன்னு வெச்சிக்கினு அதுக்கு நடுவுல பசிச்சவனை நிக்க வெச்சா அவன் இன்னா சாமி பண்ணுவான்? உலகத்துல எங்க கோடு இருக்கோ அங்கல்லாம் இதே லாரிதான்" என்றார். போலீஸ்காரர் ஒருவர், "நீ போய் உன் ஃபாரத்தை எழுதுய்யா" என்று விரட்டினார். போகும்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்துப் பேசிக்கொண்டேதான் போனார்.

வரிசையில் மாட்டிக்கொண்டு பதறுகிற டிரைவர்களுக்கு அவர் சொல்வது ஒரு வார்த்தை. "ஏனு ஆகல்ல." கன்னடத்தில், ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். அவர் வாயால் அதைக் கேட்டால் யாருக்கும் நெஞ்சு லேசாகிவிடும். பெர்மிட் எழுத வேண்டியது இல்லாதவர்கள்கூட அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு போக அவர் மேஜைக்கு வருவார்கள். நானும் அந்த வார்த்தைக்காகத்தான் ஒருமுறை அவரிடம் போனேன். அங்கேதான் வம்பு.

என் வீட்டுக்காரர் அப்போது குவைத்தில் ஓர் அரபி வீட்டில் டிரைவர். கிருஷ்ணகிரியில் மாமியாரோடு இருக்கச் சொல்லிவிட்டுப் போனார். மாமியார் வீட்டில் சும்மா இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. சுவிட்ச் கம்பெனியில் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஓசூரில் என் சின்னம்மா மகளுக்குத் துணை என்று சாக்குச் சொல்லி வந்துவிட்டேன். அவள் மூன்று மாதத்தில் கல்யாணமாகிப் போய்விட்டாள். நான் இருந்துகொண்டேன். வேலைக்குப் போவது என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. நம் வீட்டுப் பெண்கள் கம்பெனி வேனில் ஏறுவதா என்று ஒருமுறை வேறு யாரையோ பற்றி அவர் பேசியிருந்தார், அதனால் நான் எழுதவில்லை. கடிதம் எழுதும்போதெல்லாம் இன்னும் சின்னம்மா மகளோடு வீட்டில் இருக்கிறவள் மாதிரியே எழுதுவேன். பொய் எழுதப் பழகிவிட்டால் கை தானாகப் போகிறது. செப்டம்பரில் என்னை நிரந்தரம் ஆக்குவார்கள் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். நிரந்தரம் ஆகிவிட்டால் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், ஆனபிறகு யார் என்ன செய்ய முடியும் என்பது என் கணக்கு.

தொண்ணூறாம் வருஷம் ஜூலை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டெலிபோன் பூத்தில் வெள்ளிக்கிழமை சாயந்திரம் நான் போய்க் காத்திருந்தால் அவர் கூப்பிடுவார். அன்றைக்குக் குரலே சரியில்லை. "இங்க ஒரு மாதிரி பேசிக்கறாங்க. ஈராக்காரன் எல்லையில பட்டாளத்தைக் கொண்டாந்து நிறுத்தறானாம். அரபி குடும்பத்தோட லண்டன் போறாரு. ரெண்டு மாசம் லீவு, டிக்கெட் எடுத்துத் தர்றேன், ஊருக்குப் போறதுன்னா போங்கறாரு. வரட்டுமா? நாலு பேரைக் கேட்டு வை. அடுத்த வெள்ளி கூப்பிடறேன்."

ரெண்டு மாசம். ஆகஸ்ட், செப்டம்பர். என் தலையில் முதலில் ஓடியது அதுதான். பட்டாளம் அப்புறம்தான் ஓடியது.

நாலு பேரைக் கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருக்கிற என் அண்ணன், "இதுல இன்னா யோசனை? வரச் சொல்லு" என்றான். மாமியார், "எம்புள்ள வரட்டும்" என்று அழவே ஆரம்பித்துவிட்டார். கம்பெனியில் சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர், "வரச் சொல்லிருங்கம்மா, அந்த ஈராக்காரன் மொகரையே சரியில்ல பாத்துக்கிடுங்க" என்றார். மூன்று பேரும் ஒரே பேச்சு. எனக்கு அந்தப் பேச்சு வேண்டியிருக்கவில்லை. நாலாவதாகத்தான் பக்கத்து வீட்டு அண்ணனைக் கேட்டேன். அவர் என்ன சொல்வார் என்று தெரிந்தே கேட்டேன்.

குழாயடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு படம் போட ஆரம்பித்துவிட்டார். "லாரி ஓனருங்க வரியைக் கொறைன்னு சொல்லி வண்டியெல்லாம் கொண்டாந்து கேட்டுக்கு முன்னாடி வரிசையா நிறுத்துவானுங்களே, பாத்திருக்கியா? கேட்டை இடிக்கவா நிறுத்தறான்? பேரத்துக்கு நிறுத்தறான். மூணாம் நாள் அவனவன் வண்டியை எடுத்துக்கினு போய்டுவான். எண்ணெய் வெலைக்கு நடக்கற பேரம் தங்கச்சி இது. ஏனு ஆகல்ல."

அடுத்த வெள்ளிக்கிழமை போனில், "ஒன்னும் ஆகாதாங்க. டிசம்பர்ல வாங்களேன்" என்றேன்.

"நெசமாவா? யாரு சொன்னது?"

"வெவரம் தெரிஞ்சவங்களைக் கேட்டுத்தான் சொல்றேன்."

"அப்ப சரி" என்றார். நான் சொன்னால் நம்புகிற மனுஷன்.

ஆறாவது நாள் கம்பெனி வேனில் ஏறும்போது டிரைவர் சொன்னான், குவைத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று. போன் கிடையாது, தபால் கிடையாது. உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க ஓர் ஆள் கிடையாது. அன்று நான் எத்தனை சுவிட்சை மாட்டினேன், எதை எதில் மாட்டினேன், ஒன்றும் தெரியாது.

அப்போது நான் கேட்ட அபிப்பிராயங்கள் இருக்கிறதே, அப்பப்பா! டீக்கடையில் ஈராக் அதிபரின் படத்தை ஒட்டி, ஆம்பிள்ளை என்றால் இவன்தான் என்று பேசினார்கள். கேன்டீனில் ஒரு கட்சி, அமெரிக்கா வந்து இறங்கினால் ஒரே வாரம் என்றது. ரஷ்யா எந்தப் பக்கம், சவூதி யாருக்கு இடம் கொடுக்கும், இந்தியா ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பேசாத வாய் கிடையாது. என் புருஷன் அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தவர்கள்கூட என் முன்னாலேயே சிரித்துக்கொண்டு பந்தயம் கட்டினார்கள். இவர்கள் எல்லோருக்கும் இது கிரிக்கெட்டா என்று எனக்கு எரிந்தது. குண்டு போடுகிறவனைவிடச் சம்சா தின்றுகொண்டு குண்டு போடச் சொல்கிறவன்மேல்தான் அப்போது எனக்கு ஆத்திரம்.

பக்கத்து வீட்டுக்காரர் அன்றிலிருந்து தினமும் வாசலுக்கு வந்தார். காலையில் ஒரு படம், சாயந்திரம் ஒரு படம். பாலைவனத்தில் ரோடு எங்கே, தண்ணீர் எங்கே, எந்த நாட்டுக் கேட் மூடியிருக்கிறது, எது திறந்திருக்கிறது. ஒருநாள் அவர் தாளை நீட்டும்போது, தட்டிவிட்டுக் கத்தினேன். "உங்க லாரியைக் கொண்டுபோய்க் கொளுத்துங்க! ஒன்னும் ஆகாதுன்னீங்களே, இப்ப என்ன ஆச்சுன்னு பாத்தீங்களா? எம்புருஷன் செத்தா அந்தப் பாவம் உங்களைத்தான் சேரும்!"

லைன் மொத்தமும் வெளியே வந்து பார்த்தது. அவர் சம்சாரம் பதிலுக்குக் கத்த வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டி அவளை அடக்கினார். கீழே கிடந்த தாளைப் பொறுக்கி, மண்ணைத் தட்டி, மறுபடியும் நீட்டினார். "ஜோர்டான் வழிதான் தங்கச்சி. அந்த ஒரு கேட்டுதான் தொறந்திருக்கு. பாய் டிரைவரு. டிரைவருக்கு ரோடு தெரியும்" என்றார். என் வீட்டுக்காரரை அவர் பாய் என்றுதான் சொல்வார்.

செப்டம்பரில் குவைத்திலிருந்து ஆட்கள் பாலைவனம் தாண்டி ஜோர்டான் வந்து, அங்கிருந்து விமானத்தில் பம்பாய் வந்து இறங்குகிறார்கள் என்று செய்தி வந்தது. என் அண்ணன், மண்டியை விட்டுவிட்டு வர முடியாது, பெயர் வந்தால் தெரிவிப்பார்கள் என்றான். பக்கத்து வீட்டுக்காரர் யாரையும் கேட்கவில்லை. ஆயிரக்கணக்கான லாரிகளைப் பெர்மிட் எழுதி வடக்கே அனுப்பியவர், தான் ஒருமுறைகூடப் பெங்களூரைத் தாண்டியதில்லை. மேஜையை மடக்கிக் கொட்டகையில் சாத்திவிட்டு, என் வீட்டுக்காரர் போட்டோவை என்னிடம் வாங்கிக்கொண்டு, பம்பாய்க்குப் போகிற ஒரு லாரியில் ஏறிவிட்டார். தக்காளிப் பெட்டியின் அட்டையைக் கிழித்துக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார். வெறும் பெயர் எழுதத் தெரியுமா அவருக்கு? பெர்மிட் மாதிரியே, பெயர், தகப்பனார் பெயர், புறப்பட்ட இடம் குவைத், சேருமிடம் கிருஷ்ணகிரி. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அவர் போன நாலாவது நாள் கம்பெனியில் என்னைக் கூப்பிட்டு நிரந்தர ஆர்டரைக் கையில் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டேன். புருஷன் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத நாளில், அழகாகக் கையெழுத்துப் போட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே பிடிப்பதில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து, மத்தியானம், என் வீட்டுக்காரர், மண்டி வைத்திருக்கிற என் அண்ணனோடு, லைனுக்குள் நடந்து வந்தார். பாதியாக இளைத்திருந்தார். உதடு வெடித்திருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பம்பாய் ஏர்போர்ட்டில் வேறு எந்த வாசல் வழியாகவோ வெளியே வந்து, ரயிலும் பஸ்ஸும் ஏறி நேராகக் கிருஷ்ணகிரி போயிருக்கிறார். அங்கே மாமியார் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். கம்பெனி வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பணம் நின்றபிறகு மாமியார் வீட்டில் அரிசி என் சம்பளத்தில் வந்தது என்று அவருக்குத் தெரியும். அதைத் தின்றுவிட்டு என்ன பேசுவார்? ஆனால் வேறு ஒன்று அவர் மனசில் கிடந்தது. பாலைவனத்தில் கூட வந்த ஒரு மலையாளி வெயில் தாங்காமல் செத்துப்போனதையும், அவனை அங்கேயே மணலில் அடக்கம் செய்துவிட்டு வந்ததையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பம்பாயில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்கு எப்படித் தகவல் சொல்வது? வழியே இல்லை. வடக்கே போகிற இரண்டு மூன்று லாரிக்காரர்களிடம் அவர் சம்சாரம் சொல்லி அனுப்பினாள். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் வந்து ஐந்தாம் நாள் சாயந்திரம், பக்கத்து வீட்டு அண்ணன் தாடியும் அழுக்குமாக, அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டே, "தங்கச்சி, அத்தினி பிளேனும் பாத்துட்டேன்..." என்று ஆரம்பித்தவர், உள்ளே இருமல் கேட்டு நிமிர்ந்தார். என் வீட்டுக்காரர் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அட்டை கீழே விழுந்தது. "பாய்! வந்துட்டீங்களா பாய்! எந்தக் கேட்டுல வந்தீங்க?" என்று குழந்தை மாதிரிக் கேட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

வீட்டுக்காரர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். ஐந்து நாளாகக் கேட்காமல் வைத்திருந்ததை அப்போதுதான் கேட்டார். "வெவரம் தெரிஞ்சவங்க சொன்னாங்கன்னு போன்ல சொன்னியே. யாரு அது?"

என் முகம் எப்படிப் போனதோ, வாசலில் நின்றவர் அதைப் பார்த்துவிட்டார்.

"நான்தான் பாய். வரச் சொல்லிடணும்னு தங்கச்சி அழுதுச்சு. நான்தான் வர வாணாம், ஒன்னும் ஆகாதுன்னு அடிச்சுச் சொல்லித் தடுத்துட்டேன்."

வீட்டுக்காரர் சோற்றுக் கையோடு எழுந்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அடிக்கவில்லை. "இனிமே என் வாசப்படி மிதிக்காதே" என்றார். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, அட்டையை எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் அந்த லைனைக் காலி பண்ணுகிற வரைக்கும் நாலு வருஷம், குழாயடியில் என் வீட்டுக்காரரைப் பார்க்கும்போதெல்லாம் "சலாம் பாய்" என்பார். ஒருநாளும் பதில் கிடைத்ததில்லை. ஊருக்கெல்லாம் படம் போட்டு உலகச் சண்டையை விளக்கிக்கொண்டுதான் இருந்தார், சுவருக்கு அந்தப் பக்கம். எங்கள் வாசலில் மட்டும் அவர் கால் நின்று ஆடவில்லை.

நடந்தது இதுதான். ஜூலையில் அன்றைக்கு அவர் "ஏனு ஆகல்ல" என்றதும் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார். "தங்கச்சி, நான் சொன்னது லாரிக் கணக்கு. மனுசனுக்கு அது செல்லாது. டிக்கெட்டு தர்றாருன்னா பாயை மொதல்ல வரச் சொல்லிடு. நம்ம ஆளு நம்ம கண்ணு முன்னாடி இருக்கட்டும்" என்றார். காதில் விழாதவள் மாதிரி நடந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக விழுந்தது. லைன் முன்னால் நிற்க வைத்து அவரைப் பார்த்துக் கத்திய அன்றும் அவர் அதை எடுத்துச் சொல்லவில்லை, அவர் சம்சாரத்தையும் சொல்லவிடவில்லை.

இப்போதும் கல்யாண வீடுகளில் என் வீட்டுக்காரர், ஒரு பெர்மிட் எழுதுகிறவன் பேச்சைக் கேட்டு உயிர் போக இருந்த கதையை நாலு பேருக்கு நடுவில் உட்கார்ந்து சொல்வார். அவர் ஆரம்பிக்கும்போதே நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். முப்பது வருஷமாக ஒரே ஒரு வாக்கியத்தை அவரிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. இங்கே எழுதிவிட்டேன். அவர் படித்தால் படிக்கட்டும்.